நோய்க் காலத்துக் கொடை நோயாளியைச் சேரும் வழி

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



அரசு மருத்துவமனையை நம் கிராம மக்கள் பலர் இன்றும் 'தர்மாஸ்பத்திரி' என்றே அழைக்கின்றனர். வரிப்பணத்தில் நடைபெறும் ஒரு நிலையத்திற்கு இப்பெயர் நிலைத்துவிட்டது சிந்திக்கத்தக்கது. நோயுற்றவருக்குச் செய்யும் உதவி அறங்களுள் தலையாயது என்னும் நம் முன்னோர் எண்ணம் அந்தச் சொல்லில் இன்னும் உயிருடன் இருக்கிறது. அந்த அறம் ஒரு பெருந்தொற்றுக் காலத்தில் எவ்வாறு பணியாற்றியது, எங்கே தடுமாறியது, அடுத்த முறை தடுமாறாதிருக்க ஊராட்சி மன்றங்கள் இப்போதே செய்ய வேண்டுவன யாவை என்பவை பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகிறோம்.

கொரோனா நோயை உலகளாவிய அவசர நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்தது. அவ்வவசர நிலை நீங்கியதென்று அந்நிறுவனம் அறிவித்த நாள் 2023 மே 5. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நம் மாநிலம் பட்ட துன்பத்தை யாவரும் அறிவர். 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது. அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 38,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் நம் ஊரார் இருந்தனர். நம் உறவினரும் இருந்தனர்.

அத்துன்ப நாட்களில் மக்களின் கை மூடியிருக்கவில்லை. யாசகம் பெற்று வாழ்ந்து வந்த முதியவர் ஒருவர், தாம் சேர்த்த பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரம் ரூபாயாக மதுரை மாவட்ட ஆட்சியரிடம் 2020-இல் பலமுறை கொண்டு வந்து கொடுத்தார். சைக்கிள் வாங்கச் சேர்த்த உண்டியல் பணத்தை மதுரைச் சிறுவன் ஒருவன் 2021-இல் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அனுப்பினான். மகளிர் சுயஉதவிக் குழுவினர் இரவு பகலாக முகக்கவசம் தைத்தனர். 2021 மே மாதம் முதலமைச்சர் விடுத்த வேண்டுகோளை ஏற்று மக்களும் நிறுவனங்களும் அளித்த தொகை ஒரு வார அளவில் ரூ.69 கோடியை எட்டிற்று. அதிலிருந்து மருந்துகளுக்கு ரூ.25 கோடியும், பிராணவாயுவை இரயில் மூலம் கொண்டு வருவதற்கான கொள்கலன்களுக்கு ரூ.25 கோடியும் முதற்கட்டமாக ஒதுக்கப்பட்டன. உலக அளவில், உலக சுகாதார நிறுவனத்தின் பணிக்கென 2020 மார்ச்சில் தொடங்கப்பட்ட நிதிக்கு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நன்கொடை அளித்தனர்.

ஆகவே, கொடுக்கும் மனம் நம்மிடையே குறைவில்லை. கொடுத்த பணம் மருந்தாகவும் மூச்சாகவும் மாறி, உரிய நோயாளியை உரிய நேரத்தில் சேர்ந்ததா என்பதே வினா. கிணற்றில் நீர் இருந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைப் பயிர் காயும் என்பதை உழவர்களாகிய உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கொடை கிணற்று நீர். அதற்கு வாய்க்கால் ஊராட்சி. இந்த வாய்க்காலை நோய் இல்லாத காலத்திலேயே வெட்டி வைக்க வேண்டும் என்பதே நமது உரையின் சாரம்.

முதலில் மருத்துவரைக் கேளுங்கள்

நாம் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில், அடுத்தடுத்த இரண்டு ஊராட்சிகளில் ஏறத்தாழ ஒரே அளவான தொகை மக்களிடம் வசூலானது. முதல் ஊராட்சியில் இளைஞர்கள் ஆர்வத்துடன் கிருமிநாசினி வாங்கி, தெருத்தெருவாக, மரம் சுவர் என்று பாராமல் தெளித்தனர். வேலை கண்ணுக்குத் தெரிந்தது, ஊரும் மகிழ்ந்தது. ஆனால், தெருக்களில் கிருமிநாசினி தெளிப்பதால் இந்நோய் தடைபடாது என்றும், அதனை மனிதர் மீது தெளிப்பது தீங்கு விளைவிக்கும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே கூறியிருந்தது. நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியே பரவுவது. தெருப் புழுதியின் வழியே அன்று.

இரண்டாம் ஊராட்சியில் ஒரு பைசா செலவு செய்வதற்கு முன்னர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சென்று, "எது குறைவாக உள்ளது?" என்று கேட்டனர். "நோயாளிகள் மூச்சுத் திணறல் முற்றிய பின்னரே வருகின்றனர், முன்னரே கண்டறிய வழியில்லை, இரவில் வருவதற்கு வண்டியும் இல்லை" என்றார் அவர். இந்நோயில் இரத்தத்தின் பிராணவாயு குறையத் தொடங்கியும் சிலருக்கு மூச்சுத் திணறல் தோன்றுவதில்லை. விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவி அதனைக் காட்டிவிடும். அளவு 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவ்வூரார் அக்கருவிகளை வாங்கிக் கிராம சுகாதார செவிலியரிடமும் தன்னார்வலர்களிடமும் கொடுத்தனர். மீதிப் பணத்தில் இரவு நேரத்திற்கென ஒரு வேனை அமர்த்தினர். அதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று எண்ணிச் சொல்ல இயலாது. ஆயினும், வண்டி கிடைக்கவில்லை என்ற காரணத்தால் அவ்வூரில் ஒருவரும் விடியும்வரை வீட்டில் கிடக்கவில்லை என்பதை நாம் அறிவோம்.

மருந்திலும் இதே பாடந்தான். 2021 மே மாதத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும், பின்னர் நேரு விளையாட்டரங்கிலும் மக்கள் வெயிலில் நீண்ட வரிசையில் நின்றனர். நகையை அடகு வைத்து வந்தவர்களும் இருந்தனர். அம்மருந்தை மருத்துவமனை நோயாளிகளுக்கு வழங்கப் போதிய சான்று இல்லை என்று 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கருத்துரைத்திருந்தது. பிற்காலத்தில், 2022-இல், நோய் முற்றக்கூடிய சிலருக்கு அதன் பயனை அந்நிறுவனமே ஏற்றுக்கொண்டது. மாறாக, நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள, விலை மிக மலிந்த டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டிற்று. அம்மருந்தும் பிராணவாயு தேவைப்படும் நோயாளிக்கே உரியது. மற்றவருக்குத் தீங்காகவும் முடியலாம். விலை உயர்ந்தது சிறந்தது என்றோ, ஊரார் தேடுவது தேவையானது என்றோ எண்ணிக் கொடைப் பணத்தைச் செலவிடுதல் ஆகாது. எது தேவை என்று மருத்துவர் கூறட்டும். அதனைத் தேடிக் கொடுப்பது நமது கடமையாகட்டும்.

காலத்தே வந்தால்தான் கொடை

பருவத்தே பயிர் செய் என்பது நாம் பள்ளியில் கற்ற பாடம். கொடைக்கும் பருவம் உண்டு. இஃது நம் ஊருக்கு மட்டும் உரிய உண்மையன்று. உலக அரங்கிலும் அவ்வாறே நடந்தது. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க வேண்டும் என்று 'கோவாக்ஸ்' என்னும் கூட்டு ஏற்பாட்டினைச் செய்தனர். அதன் முதல் தொகுதியாக, புனேயில் தயாரான 6 இலட்சம் தவணை மருந்து 2021 பிப்ரவரி 24 அன்று ஆப்பிரிக்காவின் கானா நாட்டை அடைந்தது. எனினும் செல்வ நாடுகள் முன்பணம் கட்டிப் பெரும்பகுதியை முன்னரே வாங்கிவிட்டன. பிறகு அவை தம் மிகுதியை நன்கொடையாக அனுப்பியபோது, அவற்றுள் பல காலாவதி ஆகும் தறுவாயில் இருந்தன. 2021 மே மாதத்தில் மலாவி நாடு காலங்கடந்த 19,610 தவணைகளைத் தீயிட்டு அழித்தது. அவ்வாண்டு டிசம்பரில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட தவணைகளை ஏழை நாடுகள் ஏற்க இயலாதென்று கூறிவிட்டன என்று யுனிசெப் தெரிவித்தது. காலாவதி நாள் நெருங்கியிருந்ததே அதற்குத் தலையாய காரணம். குளிர்பதன வசதியும் ஆளும் ஊருக்குச் செல்லும் வண்டியும் ஆயத்தமாகும் முன்பே மருந்தின் ஆயுள் முடிந்துவிடும் அன்றோ?

நமது நாட்டில் 2021-இன் இரண்டாம் அலையின்போது பிராணவாயுச் செறிவூட்டிகளை வெளிநாடுகளிலிருந்தும் பலர் அனுப்பினர். நன்கொடையாக வரும் கருவிகளுக்கு இறக்குமதி வரி விலக்கும் அளிக்கப்பட்டது. ஆயினும் அலை உச்சத்தில் இருந்தபோது வந்தவை சில. தணிந்த பின்னர் வந்தவை பல. கொடுத்தோர் மீது குறையில்லை. அலை எழுந்த பிறகு கப்பலையும் விமானத்தையும் தேடினால் அவ்வாறுதான் ஆகும். ஆகவே, நோய் வந்தபின் வசூல் செய்வதைவிட, நோய் இல்லாத காலத்தில் சிறு நிதியைச் சேர்த்து வைத்தலே சிறந்தது. களஞ்சியத்தில் விதைநெல்லை ஒதுக்கி வைக்கும் குடும்பத்திற்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கருவிக்கும் சோறு வேண்டும்

செறிவூட்டி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றுக் கூறுவோம். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 பங்கு. நைட்ரஜன் 78 பங்கு. அக்காற்றைச் சியோலைட் என்னும் சல்லடை போன்ற பொருளின் வழியே செலுத்தினால், நைட்ரஜன் அதில் தங்கிவிட, 90 பங்குக்கு மேல் பிராணவாயு உள்ள காற்று வெளிவரும். சாதாரணக் கருவி நிமிடத்திற்கு 5 முதல் 10 லிட்டர் வரை கொடுக்கும். மிதமான நோயாளிக்கு இது போதும். நோய் முற்றியவருக்குப் போதாது. அதற்கு மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். வடிகட்டியைத் தவறாது சுத்தம் செய்ய வேண்டும். நெடுங்காலம் ஓடாமல் கிடந்தால் ஈரப்பதத்தால் சல்லடையின் வலிமை குன்றும். பெட்டியில் பூட்டி, மேலே நன்கொடையாளர் பெயரை எழுதி வைத்தால் மட்டும் அது அடுத்த நோயாளிக்கு மூச்சுக் கொடுக்காது. மாட்டைத் தானமாகக் கொடுத்தவர் வைக்கோலையும் நினைக்க வேண்டும். கருவி ஒன்று நன்கொடையாக வருமானால், அதனைப் பழுதுபார்க்க யார் வருவர், செலவை யார் ஏற்பர் என்பதையும் வாங்கும்போதே எழுத்தில் பெற வேண்டும்.

தொடர்ந்த உதவியின் பயனுக்கு நம் வேலூரே சான்று. அங்கு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணிக்கு, அமெரிக்கச் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. அம்மையார் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. 1909-இல் செவிலியர் பயிற்சியையும், இன்ஃபுளுவென்சா உலகைச் சூறையாடிய அதே 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். கட்டடத்திற்கு ஒருமுறை கிடைத்த கொடை போதும். அதில் பணிபுரியும் கைகளுக்கு ஆண்டுதோறும் கொடை வேண்டும். ஒரு நூற்றாண்டுக்குப் பின் கொரோனா வந்தபோது, அந்நிலையம் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யும் வலிமையுடன் நின்றதற்கு அதுவே காரணம்.

யாருக்கு முதலில்?

வாய்க்கால் நீர் தலைமடையிலேயே நின்றுவிடும் தன்மையுடையது. அதுபோல் உதவியும் சாலையோரத்து வீடுகளிலும், பேசத் தெரிந்தவர்களிடமும் தங்கிவிடும். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளர், குடும்ப அட்டை இல்லாத பழங்குடிக் குடும்பங்கள், தனித்து வாழும் முதியோர், கைம்பெண்கள் ஆகியோர் கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டில் இத்தகையோர் பட்டியலை இன்றே எழுதி வைத்தல் வேண்டும். அன்றியும், தெருவைக் கூட்டிக் குப்பை அள்ளும் தூய்மைக் காவலருக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுத்த பிறகே மற்றவருக்கு என்னும் விதியை மன்றம் மேற்கொள்ளுதல் நலம். நோயின் முன்னணியில் நிற்பவர் அவரே.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து கிலோ அரிசியை நீட்டிக்கொண்டு பத்துப் பேர் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். வாங்குபவர் தலை குனிந்து நிற்கும் கொடையை அறம் என்று சொல்வதற்கில்லை. நோயாளியின் படத்தை வெளியிட்டால், நோயை மறைத்து வீட்டிலேயே கிடக்கும் வழக்கந்தான் வளரும். அதனால் தொற்றும் பெருகும்.

மொய் நோட்டுப் போன்ற கணக்கு

நம் வீட்டுத் திருமணங்களில் மொய் எழுதும் முறையை எண்ணிப் பாருங்கள். பந்தல் வாயிலில் ஒருவர் நோட்டுடன் அமர்ந்து, ஐம்பது ரூபாயானாலும் ஐயாயிரமானாலும் பெயர், ஊர், தொகை என்று தவறாமல் எழுதுகிறார். இருபது ஆண்டுகள் கழிந்தும் அந்நோட்டு பேசும். ஒரு வீட்டுக் காரியத்திற்கு இத்துணைக் கணக்கு வைத்திருக்கும் நாம், ஊர்க் காரியத்திற்கு வசூலித்த பணத்திற்குத் துண்டுச் சீட்டு போதும் என்று கருதலாமா?

நோய்க் காலத்தில் கணக்கு என்பது வெறும் தணிக்கைக்காக அன்று. கணக்கு தெளிவாயிருந்தால் மறுமுறை கேட்கும்போதும் மக்கள் கொடுப்பர். ஐயம் ஒருமுறை புகுந்தால் பணமும் வராது, தடுப்பூசிக்கு அழைத்தாலும் ஆள் வராது. எனவே வரவு ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுங்கள். பொருளாக வந்ததையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். செலவை ஊராட்சி அலுவலகச் சுவரில் வாரந்தோறும் எழுதி ஒட்டுங்கள். கிராம சபையில் வரவு செலவை உரக்கப் படியுங்கள்.

எந்த வாயிலைத் தட்டுவது?

ஊரில் வசூலாவது சிறிது. வெளியிலிருந்து வரக்கூடியது பெரிது. ஆனால் ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு முறை உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் தம் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். கொரோனாப் பணிகளுக்குச் செலவிடுவதும் இதில் அடங்கும் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு தெளிவுபடுத்திற்று. ஆனால் முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது அக்கணக்கில் சேராது, மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்குக் கொடுப்பது சேரும் என்று அடுத்த மாதமே விளக்கம் வந்தது. எனவே அருகிலுள்ள ஆலையை அணுகும்போது வெறுமனே "நிதி தாருங்கள்" என்று கேட்பதைவிட, "எங்கள் சுகாதார நிலையத்திற்கு மருத்துவர் எழுதிய பட்டியல் இது; இதனை நீங்களே வாங்கி, மாவட்டச் சுகாதாரத் துறை வழியே ஒப்படையுங்கள்" என்று எழுத்தில் கேட்டால் அவர்களுக்கும் எளிது.

வெளிநாட்டுப் பணத்திற்குத் தனிச் சட்டம் உண்டு. அதன்படி பதிவு பெற்ற நிறுவனமே அப்பணத்தைப் பெறலாம். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்திற்குப் பின், பெற்ற நிறுவனம் அதனை மற்றொரு நிறுவனத்திற்கு மாற்றித் தரவும் இயலாது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வாழும் நம் ஊர்ப் பிள்ளைகள் அன்புடன் உதவ முன்வரும்போது, எந்த வழியாக அனுப்புதல் முறை என்பதை முன்கூட்டியே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டறிந்து கூறுங்கள்.

அரசு இருக்கக் கொடை எதற்கு?

இவ்வினாவைப் பல கிராம சபைகளில் நம்மிடம் கேட்டுள்ளனர். நியாயமான வினாவே. மருத்துவரை நியமிப்பதும், மருந்து வாங்குவதும், மருத்துவமனை கட்டுவதும் அரசின் கடமை. அவற்றைக் கொடையின் தலையில் ஏற்றுதல் கூடாது. கொடை இவ்வாண்டு வரும், மறு ஆண்டு வராது. நோயாளியோ இரு ஆண்டும் வருவார். ஆயினும், அரசின் கோப்பு நகர்ந்து உத்தரவு வருவதற்குச் சில நாட்கள் ஆகும். நோய் அச்சில நாட்களுக்குக் காத்திராது. அந்த இடைவெளியை நிரப்புவதே ஊர்க் கொடையின் பணி. முதல் இரவுக்கு வண்டி, முதல் வாரத்திற்கு முகக்கவசம், தனிமையில் இருக்கும் குடும்பத்திற்கு உணவு ஆகியவற்றை ஊர்தான் உடனே கொடுக்க இயலும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை, இரத்த அழுத்த நோய்களுக்கு மருந்து தருகின்றனர். அவ்விரு நோயும் உடையோரையே கொரோனா கடுமையாகத் தாக்கியது. அந்த ஊழியருக்கு வீட்டைக் காட்டி, அவர் சொல்லைக் கேட்டு நடப்பதும் கொடைதான். அதற்குப் பணம் தேவையில்லை.

உறுப்பினர்களே! அடுத்த கிராம சபைக்குள் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுகிறோம். சுகாதார நிலைய மருத்துவரை மன்றக் கூட்டத்திற்கு அழைத்துத் தேவைப் பட்டியல் பெறுங்கள். முன்னர் வந்த கருவிகள் எங்குள்ளன, ஓடுகின்றனவா என்று நேரில் சென்று பாருங்கள். உதவி எட்டாத குடும்பங்களின் பட்டியலை வார்டுவாரியாக எழுதுங்கள். இரவில் வரச் சம்மதிக்கும் வண்டி உரிமையாளர் இருவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெற்று வையுங்கள். நன்கொடைக்கென ரசீதுப் புத்தகமும் பதிவேடும் ஆயத்தம் செய்யுங்கள். இவ்வைந்துக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது.

அடுத்த கொள்ளை நோய் எப்பொழுது வரும் என்பதை எவரும் உரைக்க முடியாது. மழை வரும் நாள் தெரியாவிட்டாலும் ஏரிக்கரையைக் கோடையில் பலப்படுத்துவது நம் நாட்டு வழக்கம். இந்தக் கரையையும் கோடையிலேயே பலப்படுத்துவோம் என்று வேண்டிக்கொண்டு, நமது உரையை முடிக்கிறோம்.